சித்தி கேட்ட சுவிட்ச்

மதியம் மூன்று மணி. ஆளில்லாத சாலை. இரண்டு பக்கமும் பாதி கட்டி அப்படியே நிறுத்திய வீடுகள்... ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. வெயில் கொளுத்துகிறது. ஸ்கூட்டரில் ஒருத்தி தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

இப்படி நான் ஆரம்பித்ததுதான் தாமதம், பக்கத்துக் கட்டில்காரி குறுக்கே விழுந்தாள்.

"அக்கா, பேய்க் கதைன்னா ராத்திரி பன்னெண்டு மணியில்ல? மூணு மணிக்குப் பேய் எதுக்கு வருது, டீ குடிக்கவா?"

"பகல்ல வர்ற பேயை நீ பார்த்ததில்ல. வாயை மூடிக்கிட்டுக் கேளு. இல்லேன்னா போய்ப் படு."

போய்ப் படுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். எட்டு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடி. இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு ஐந்து பேர் ஒண்டி உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு மெழுகுவத்தி. எனக்கோ உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஹெல்ப் டெஸ்க் வேலை என்றால் சும்மாவா? 'அணைச்சிட்டு மறுபடி போட்டுப் பாருங்க' என்று ஒரு நாளைக்கு எழுபது தடவை சொல்கிறவள் நான். பேசவே தெம்பில்லை. ஆனாலும் விடமாட்டேன் என்கிறார்களே, சனியன்கள். அன்றைக்குச் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

நடந்தது எனக்கு இல்லை. என் தோழியின் சித்திக்கு.

தோழி எங்கள் ஆபீஸிலேயே லேப்டாப் பழுதுபார்க்கிற பிரிவு. கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். அதனால் பேரே திருப்புளி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்வதற்குக் கொஞ்சம் கற்பனை வேண்டும், அது அவளிடம் கிடையாது. அதனால்தான் நம்புகிறேன்.

அவளுடைய சித்தப்பாவுக்கும் எங்கள் கம்பெனிதான். பார்சல் கொண்டு சேர்க்கிற கம்பெனி. அவர் முகவரிப் பிரிவு. கதவு எண் இல்லாமல், தெருப் பேர் தப்பாக, 'தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு, நீலக் கதவு' என்று மட்டும் எழுதி நிறைய பார்சல் வரும். பழைய பதிவுகளை நோண்டி, சரியான விலாசத்தைக் கண்டுபிடித்து அடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை. பதினோரு வருஷம் அதே நாற்காலி.

முதலில் அவருக்குக் கொடுத்திருந்தது ஒரு பழைய லேப்டாப். செங்கல் கனம். ஆனால் அதன் ஓரத்தில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் உண்டு. அதைத் தள்ளினால் வயர்லெஸ் அறுந்துவிடும். விளக்கு நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறும். அவ்வளவுதான், உலகத்தில் எவனாலும் அவரைப் பிடிக்க முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "அப்பாடா" என்று எழுந்து வருவாராம். அதற்கப்புறம் அவர் சித்தியுடைய ஆள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி புது லேப்டாப் கொடுத்தது. தட்டு மாதிரி மெலிசு. சுவிட்ச் கிடையாது. திரையில் ஒரு படம் இருக்கும், அதைத் தொட்டால் அணையும் என்றார்கள். அணையும்... கொஞ்ச நேரத்தில் தானாகவே போட்டுக்கொள்ளும். ஏழு மணி எட்டாச்சு. எட்டு பத்தாச்சு. ஞாயிற்றுக்கிழமையும் டிங் டிங் என்று ஏதாவது வந்துகொண்டேயிருக்கும். மனுஷன் நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிப்போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். சித்தி சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேன்."

நம் ஆட்களை நான் என்னவென்று சொல்ல? உட்கார்ந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம் அசைந்திருக்க மாட்டான், வாய் மட்டும் 'வந்துட்டேன்' என்று சொல்லும். வருகிறேன் என்றுகூட இல்லை பாருங்கள். வந்தே விட்டானாம்!

கால் மணி கழித்து மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் "இதோ வந்துட்டேன்." மூன்றாம் தடவை கூப்பிட்டபோது பதில் இல்லை. ஏதோ மீட்டிங் போலிருக்கிறது என்று நினைத்துத் தட்டை மூடி வைத்தாள். தான் சாப்பிட்டாள். கொஞ்சம் கண்ணயர்ந்தாள். மூன்று மணிக்கு எழுந்து எட்டிப் பார்த்தால்...

தலை கீபோர்டின்மேல் சாய்ந்திருந்தது. திரை நிறைய ஒரே எழுத்து, பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்ததாம். மேலே மூலையில் மேலாளர் அனுப்பியது: 'இருக்கீங்களா?' அதற்குக் கீழே இன்னொரு 'இருக்கீங்களா?' மொத்தம் ஏழு.

அவர் செத்துக் கிடந்த அந்த நேரத்தில் தான் தூங்கிவிட்டோமே என்பதுதான் சித்திக்கு வேதனை. அதை நினைத்து நினைத்தே அந்தப் பெண்பிள்ளை பாதியாகிப் போனாள்.

அஞ்சு வாரம் கழித்துத் திருப்புளிக்கு ஒரு போன்.

"உனக்கு இந்த லேப்டாப்பெல்லாம் பிரிக்கத் தெரியுமில்ல கண்ணு? எனக்கு ஒரு சுவிட்ச் போட்டுக் குடு."

"என்ன சுவிட்ச் சித்தி?"

"அந்தப் பழசுல இருந்துச்சே, ஓரத்துல. கையால தள்ளுறது. தள்ளினா லைன் அறுந்துரணும். வேற ஒண்ணும் வேணாம்."

அதற்காகத்தான் அந்த மூன்று மணி வெயிலில், அந்த ரோட்டில், திருப்புளி ஸ்கூட்டரில் போனது. ஊருக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகள். எல்லாரும் வருவார்கள் என்று நம்பி சித்தியும் சித்தப்பாவும் முதலில் வீடு கட்டினார்கள். வேறு ஒருவரும் வரவில்லை.

மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றாள். உள்ளே டைப் அடிக்கிற சத்தம். டக டக டக... டக். டக டக... நல்ல வேகம். கதவு திறந்தது. சித்தி நிற்கிறாள், பாத்திரம் தேய்த்த கை, சோப்பு நுரை சொட்டுகிறது. சத்தம் இன்னும் கேட்கிறது. திருப்புளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் கால் வைத்தாள்...

சட்டென்று நின்றது.

"யாரு சித்தி உள்ள?"

"யாரு இருப்பா? உங்க சித்தப்பாதான்."

துணி காயப்போட்டிருக்கிறேன் என்று சொல்கிற குரலில் சொன்னாளாம். அழுகை இல்லை, பயம் இல்லை. அலுப்பு மட்டும்தான்.

நடையின் கோடியில் அந்த அறை. ஏழடிக்கு எட்டடி. மேஜை, நாற்காலி, நாற்காலியில் நடுவே குழிந்துபோன ஒரு மெத்தை. லேப்டாப் திறந்திருக்கிறது. சூடேறிய தூசி வாசனை, அதோடு இருமல் மிட்டாய் வாசனை. சித்தப்பா வாயில் எப்போதும் ஒன்று கிடக்கும். மேஜைக்கு அடியில் குப்பைக்கூடை. அதில் ஒரே ஒரு மிட்டாய்க் காகிதம். புதுசு.

"காலையிலதான் கூடையைக் கொட்டினேன்" என்றாள் சித்தி.

மெழுகுவத்தி படபடத்தது. யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரிதான். டீ குடிக்கவா வருது என்று கேட்டவள்.

சித்தி செய்யாததே இல்லை. லேப்டாப்பை அணைத்துப் பார்த்தாள். காலையில் ஒன்பது மணிக்குத் தானாக எழுந்துகொண்டது. திரையில் உள்ள படத்தைத் தொட்டு வயர்லெஸ்ஸை அணைத்தாள். பத்து நிமிஷத்தில் திரும்பப் போட்டுக்கொண்டது. வீட்டு இணைப்புப் பெட்டியையே பிடுங்கிப் போட்டாள். அது பக்கத்திலிருந்து எதையோ பிடித்துக்கொண்டது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பாதி கட்டிய வீடுகள்தான். கடைசியில் போர்வையில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாளாம்.

"நின்னுதா?"

"எங்க நின்னுது? அலமாரிக்குள்ள உக்காந்து வேலை பார்க்கிறார்டி. மூச்சு முட்டாதா அந்த மனுஷனுக்கு? மனசு கேக்கல. எடுத்து வெளிய வெச்சுட்டேன்."

திருப்புளி என்ன செய்வாள்? தெரிந்ததைச் சொன்னாள். தலைமை ஆபீஸிலிருந்தே லேப்டாப்பை எழுப்ப முடியும், சில வேலைகள் தானாக ஓடும், சாவிச் சத்தம் சூட்டில் பிளாஸ்டிக் விரிகிற சத்தமாக இருக்கும். சொல்லிக்கொண்டே தன் போனில் ஆபீஸ் பட்டியலைத் திறந்தாள். அதில் ஒவ்வொருவர் பேருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி உண்டு. ஆள் இருந்தால் பச்சை, இல்லையென்றால் சாம்பல். சித்தப்பாவின் பேருக்குப் பக்கத்தில் பச்சை.

அங்கிருந்தபடியே மேலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், எங்க சித்தப்பா போய் அஞ்சு வாரமாச்சு. அவர் கணக்கை ஏன் இன்னும் மூடல?"

"தெரியும்மா, ரொம்ப வருத்தமா இருந்துச்சு. பூங்கொத்துகூட அனுப்பினோமே, வந்துச்சா?"

"வந்துச்சு. கணக்கு?"

"மூடணும்னுதான் எழுதிப் போட்டிருக்கேன். மேலேர்ந்து கேக்கறாங்க, ஆள் ஆன்லைன்ல இருக்காரே, எப்படி மூடறதுன்னு. அதுவுமில்லாம..." கொஞ்சம் இழுத்தாராம் அந்த ஆள். "போன வாரம் பிரிவிலேயே அவர்தான் முதல். ஒரு தப்பு இல்ல."

பாருங்கள் கொடுமையை! உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூட அவரைப் புகழ்ந்ததில்லை இந்த மனுஷன்.

சித்தி நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருக்கறப்பதான் விடல. செத்தும் விடமாட்டேங்கிறாங்க. அவர் தூங்கணும்டி. காலை நீட்டிப் படுத்து ஒரு நாளாவது தூங்கணும். எனக்கு வேற ஆசையே இல்ல. அவர் உக்காந்திருக்கற வரைக்கும் எனக்கும் படுக்கையில முதுகு ஒட்ட மாட்டேங்குது."

கம்பெனி லேப்டாப்பில் கைவைத்தால் வேலை போய்விடும். திருப்புளிக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொண்டையில் இருந்ததை உருவினாள்.

பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே தபால்தலை அளவுக்கு ஒரு பச்சை அட்டை, அதுதான் வயர்லெஸ். அதை அணைத்து வைக்க ஒரு முனை உண்டாம். அதில் முடி மெலிசான ஒயர் ஒன்றைப் பற்றவைத்தாள். ஓரத்தில் சூடான கம்பியால் ஒரு ஓட்டை போட்டாள். சித்தி வீட்டில் கிடந்த ஒரு பழைய டார்ச் விளக்கின் தள்ளு சுவிட்சைப் பிடுங்கி அங்கே ஒட்டினாள். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. வேலை செய்தால் போதாதா? அவள் பற்றவைத்த அத்தனை நேரமும் காதுக்குப் பின்னால் யாரோ மிட்டாய் சப்புகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்... திரும்பியே பார்க்கவில்லை என்றாள்.

மூடியைப் போட்டு, ஆன் செய்து, சித்தியைக் கூப்பிட்டாள்.

"நீங்களே தள்ளுங்க."

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டை விரலை வைத்தாள்.

டிக்.

போனில் புள்ளி சாம்பலாச்சு. வீட்டில் ஒரு அமைதி. ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றால்தான் அது ஓடியதே நமக்குத் தெரியுமில்லையா, அந்த மாதிரி. சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதபடியே தூங்கிப் போனாள். திருப்புளி ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். வருகிற வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாளாம். ஒரு உயிருக்கு நல்லது செய்த சந்தோஷம்.

மறுநாள் காலை ஆறு மணி. போன்.

"தூங்கினீங்களா சித்தி?"

 

"நீ போனப்புறம் முழிச்சுக்கிட்டேன். சாயங்காலம் ஆறரை இருக்கும், இன்னும் வெளிச்சம் போகல. உள்ள நாற்காலி நகர்ந்துச்சுடி."

"காத்தா இருக்கும்."

"அப்புறம் செருப்பு. வீட்டுக்குள்ள போடுவாரே, ரப்பர் செருப்பு. நடையில வந்துச்சு. குழாயைத் திறந்து கை கழுவற சத்தம். சாப்பாட்டு மேஜைகிட்ட வந்து நின்னுச்சு. அவர் நாற்காலி தானா பின்னால போச்சு."

திருப்புளி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு ரெண்டு வாட்டி சொன்னாரில்ல, இதோ வந்துட்டேன்னு" என்றாள் சித்தி. "வந்துட்டார்டி."

இப்போது புரிகிறதா, எங்கே தப்பு நடந்ததென்று? லைனை அறுத்தால் அவர் போய்விடுவார் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். அவரை அந்த அறையில் பிடித்து வைத்திருந்ததே அந்த லைன்தான். வேலை முடிந்ததும் மனுஷன் எங்கே வருவான்? வீட்டுக்குத்தானே.

"சித்தி, அந்த சுவிட்சைத் தள்ளிப் போட்டுருங்க. மறுபடி உள்ள போயிடுவாரு. நான் உடனே கிளம்பி வரேன்."

"அதெல்லாம் வேணாம்."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயமாத்தான் இருந்துச்சு. விடியவிடிய கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தேன். பக்கத்துல மெத்தை அமுங்கி இருந்துச்சு. கை வெச்சுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி. பாவம்டி. இத்தனை வருஷம் கழிச்சு சாயங்காலமே எழுந்து வந்திருக்கார். திருப்பி அனுப்பச் சொல்றியா?"

"நான்னா அந்த நிமிஷமே ஊரை விட்டு ஓடியிருப்பேன்" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

"உனக்கு முதல்ல கல்யாணம் ஆகட்டும். அப்புறம் வந்து பேசு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் சித்தி ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். காலையில் ஒன்பது மணிக்கு டிக், புள்ளி பச்சை. மதியம் ஒரு மணிக்கு டிக், சாம்பல். இரண்டு மணிக்குப் பச்சை. சாயங்காலம் ஆறு அடித்தால் சாம்பல். ஞாயிற்றுக்கிழமை போடுவதே இல்லை. உயிரோடு இருந்தபோது கிடைக்காத ஆபீஸ் நேரத்தை அவருக்கு சித்தி கொடுத்தாள். திருப்புளி தன் இடத்திலிருந்து பட்டியலில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நிமிஷம் பிசகாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை போய்ப் பார்த்தாள். சித்தி இளைத்திருந்தாள், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. ஆனால் தலை வாரி, நல்ல புடவை கட்டி, மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தாள். பேசிக்கொண்டேயிருந்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஆறாச்சு. இருடி, அவரை எழுப்பி விட்டுட்டு வரேன். பார்த்துட்டுப் போ, சந்தோஷப்படுவார்."

திருப்புளி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஸ்கூட்டரை உதைக்கும்போது உள்ளே 'டிக்' என்று கேட்டது. தொடர்ந்து நாற்காலிச் சக்கரம் உருளுகிற சத்தமும் கேட்டது. அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

அடுத்த வாரம் திருப்புளிக்குக் காய்ச்சல். லீவு. அந்த நாலு நாளில் பார்த்துக் கம்பெனிக்கு ஞாபகம் வந்துவிட்டது. திரும்பி வராத லேப்டாப்பையெல்லாம் கணக்கெடுத்து, ஒரு ஆளை அனுப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலை பதினோரு மணிக்கு. அந்த ஆள் வந்தபோது லைன் போட்டிருந்தது. சித்தி 'ஒரு நிமிஷம் பொறு, சுவிட்சை மட்டும் தள்ளிக்கிறேன்' என்று கெஞ்சியிருக்கிறாள். அவன் ஏதோ கிழவி உளறுகிறது என்று பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

காய்ச்சலோடு திருப்புளி ஆபீஸுக்கு ஓடி வந்தாள். கிடங்கில் தேடி எடுத்து, முதல் வேலையாக சுவிட்சைத் தள்ளினாள். உள்ளே இருந்த பதிவையெல்லாம் அழித்து, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்து, லேப்டாப்பை இரும்பு அலமாரியில் பூட்டினாள். அதே வாரம் கணக்கையும் மூடினார்கள். பட்டியலில் சித்தப்பா பேரே இல்லை.

"முடிஞ்சுது சித்தி. இனிமே யாரும் அவரைக் கூப்பிட முடியாது. ஓய்வெடுக்கட்டும்."

"ஓய்வுன்னா வீட்டுக்கில்ல வரணும்?" என்றாள் சித்தி. "வரலையேடி."

தினம் ஆறு மணிக்குப் போன் வரும். ஆபீஸில் இருக்கிறாரா பார், எந்த மேஜையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் பார், சாப்பிட விட்டார்களா என்று கேள். முதலில் திருப்புளி பதில் சொன்னாள். பிறகு ஊம் கொட்டினாள். பிறகு போனை எடுப்பதை விட்டுவிட்டாள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். எத்தனை நாளைக்கு ஒரு மனுஷி தாங்குவாள்?

பத்து நாள் போனே இல்லை. நிம்மதியாக இருந்தாளாம்.

அப்புறம் ஒரு நாள் மதியம், யாரையோ தேடிப் பட்டியலைத் திறந்தவள் விறைத்துப் போனாள். சித்தப்பாவின் பேர். பச்சை.

அலமாரியைத் திறந்தாள். லேப்டாப் இருக்கிறது, தொட்டால் சில்லென்று. பேட்டரி தனியாக இருக்கிறது. கணக்கை மூடினவர்களிடம் கேட்டாள். அப்படி ஒரு ஆளே இல்லையே என்றார்கள். ஆனால் முகவரிகள் சரியாகிக்கொண்டிருக்கின்றன. ஒன்று... இன்னொன்று... இன்னொன்று.

என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. கூடத்தில் கால் வைத்ததும் ஒரு புழுங்கல் வாசனை, எத்தனை நாளாக ஜன்னல் திறக்கவில்லையோ. சித்தி மெயின் சுவிட்சையே இறக்கி வைத்திருந்தாள், வீட்டில் கரண்டே இல்லை. மேஜையில் இரண்டு தட்டிலும் சாப்பாடு காய்ந்து போயிருந்தது.

உள்ளே சத்தம். ஆனால் முன்பு மாதிரி இல்லை. காய்ந்த சத்தம். நகம் மரத்தில் படுகிற சத்தம்.

சித்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜை துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. ஒரு லேப்டாப்பும் இல்லை, ஒரு ஒயரும் இல்லை. வெறும் பலகைமேல் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன. சித்தப்பா அடிக்கிற அதே வேகத்தில். சித்திக்கு ஒரு எழுத்து டைப் அடிக்கத் தெரியாது.

"சித்தி!"

திரும்பவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதடி. அவருக்குக் கை ரெண்டும் ஓஞ்சு போச்சாம். கொஞ்ச நேரம் நான் அடிச்சுக் குடுக்கறேன். முடிச்சாத்தானே அவர் வர முடியும்?"

திருப்புளி அந்த இரண்டு கையையும் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். விரல் நிற்கவில்லை. அவள் பிடிக்குள்ளேயே, அவள் உள்ளங்கைமேலேயே, டக டக டக... டக்.

அப்போதே தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், நரம்பு என்றார். சித்தி இப்போது அவள் அறையில்தான் படுத்திருக்கிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். எப்போதாவது கண்ணை மூடுகிறாள். மூடினாலும் விரல் மட்டும் போர்வைமேல் ஓடிக்கொண்டேயிருக்கிறது. நுனியெல்லாம் தோல் தேய்ந்து, திருப்புளி துணி சுற்றிவிட்டிருக்கிறாள். புள்ளியும் பச்சையாகத்தான் இருக்கிறது. மேலாளர் ஒரு பாராட்டுக் கடிதம்கூடப் போட்டிருக்கிறார், யாருக்கு என்று கேட்காதீர்கள்.

நேற்று மதியம் கேன்டீனில் திருப்புளி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டைத் தொடவில்லை. ராத்திரி முழுக்க சித்தியின் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். முகம் செத்துப்போயிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை மெஷினைப் பிரிச்சிருக்கேன்" என்றாள். "சித்திக்கு எங்கடி வைக்கிறது, அந்த சுவிட்சை?"